தகரக் கூரையும் தப்புக் கணக்கும்

உபாத்தியாயர் தொழிலில் உள்ள சௌகரியங்களுள் முதன்மையானது எது என்று கேட்டால், கோடை விடுமுறை என்று பலரும் சொல்லுவார்கள். அது சரியன்று. பிறருடைய பிழைகளைச் சிவப்பு மையால் சுழிக்கும் அதிகாரம் நமக்கு உண்டு. நமது பிழைகளைச் சுழிக்கும் அதிகாரம் வகுப்பில் யாருக்கும் இல்லை. இதுதான் அந்தப் பெரிய சௌகரியம். இருபது வருஷ காலம் இதை நாம் குறைவில்லாமல் அனுபவித்து வந்தோம். சென்ற வருஷம் அதற்கு ஒரு பங்கம் நேர்ந்தது. அந்தப் பங்கத்தை உண்டாக்கியது ஒரு சாண் நீளமுள்ள கேபிள் துண்டு என்றால் வாசகர்கள் நம்புவது கஷ்டந்தான். ஆகையால் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறோம்.

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் என்று ஒரு வீடு பறந்துகொண்டிருப்பதை எல்லாரும் அறிவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பூமியைச் சுற்றிவிடுகிறது. அங்கே உள்ள அமெச்சூர் ரேடியோவிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மற்ற ஆர்வலர்களும் வாங்கிப் பார்ப்பதற்கென்றே, சில நாட்களில் படங்கள் அனுப்புவதுண்டு. 145.800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தப் படம் ஒலியாக வருகிறது. கேட்பதற்குச் சங்கீதம் போல் இராது. சாணைச் சக்கரத்தில் கத்தியை வைத்தது போல் இருக்கும். அந்தக் கிறீச்சொலியைக் கம்ப்யூட்டருக்குள் விட்டால் இரண்டு நிமிஷத்தில் வரிவரியாக ஒரு வர்ணப் படம் எழும்பிவிடும். நிலையம் நமது வானத்தைக் கடந்து மறைவதற்கு அதிகமாய்ப் போனால் பத்து நிமிஷம். அதற்குள் பிடித்தவர்க்குப் படம். பிடிக்காதவர்க்கு வெறும் இரைச்சல்.

நாம் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருப்பவர். எனவே பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் பிடித்துக் காட்டுவதாக ஒரு பலவீனமான சமயத்தில் வாக்களித்துவிட்டோம். வாக்களித்தது சுலபம். ஏரியல் எங்கே கட்டுவது? மாடிக்குப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், நியாயமான பேச்சு. கடைசியில் சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரை நமக்குத் தானமாகக் கிடைத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: பக்கத்திலேயே பந்தாடும் மைதானம் இருப்பதால், கூரைக்குமேல் ஒரு முழம் அரை முழம் என்று எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஏரியல்களுக்குள் மிக எளிமையானது டைபோல் என்பது. ஒரே நேர்கோட்டில் இரண்டு உலோகக் கம்பிகள். நடுவில் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் கேபிளின் இரு தலைப்புகளையும் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் 1887, 1888-ம் வருஷங்களில் ஹெர்ட்ஸ் என்னும் மேதாவி ரேடியோ அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியபோது பயன்படுத்திய கருவியும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். நமது அலைவரிசைக்கு அலைநீளம் 2 மீட்டர் 6 சென்டிமீட்டர். அதில் பாதியான 103 சென்டிமீட்டர்தான் டைபோலின் நீளம். சரியாகச் சொன்னால் அதற்குச் சற்றுக் குறைவு.

இந்த டைபோல் சுற்றிலும் எதுவும் இல்லாத வெளியில் நின்றால் அதன் நடுவில் காணப்படும் தடை சுமார் 73 ஓம். நமது ரேடியோவும் கேபிளும் 50 ஓம் ஜாதி. 73-க்கும் 50-க்கும் நடக்கிற கல்யாணத்தில் சக்தியில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் பெண் வீட்டாரால் திருப்பி அனுப்பப்படும். எந்த ஜோசியரும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தம் சொல்லிவிடலாம்.

ஆனால் தகரக் கூரைக்குச் சமீபத்தில் டைபோலைப் படுக்கவைத்தால் கதை வேறு. தகரம் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே நாம் வலக் கையைத் தூக்கினால் பிம்பம் இடக் கையைத் தூக்குகிறதல்லவா? அது போலவே கம்பியில் மின்னோட்டம் கிழக்கே போனால் தகரத்துக்குள் இருக்கும் பிம்பத்தில் மேற்கே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளுகின்றன. ஒரு சாணும் இரண்டு விரற்கடையும் உயரத்தில் மரக்கட்டைகளின்மேல் நாம் வைத்த டைபோலின் தடை 73-லிருந்து சுமார் 25-க்கு இறங்கிவிட்டது. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் இல்லாமலில்லை: ஏரியலின் செவி நேரே வானத்தை நோக்கித் திறந்திருக்கும். தலைக்குமேல் போகிறவனைக் கேட்க அதுதானே வேண்டும்? ஆனால் பொருத்தம் மட்டும் கெட்டுப் போயிற்று. 25-ஐ 50-உடன் அப்படியே சேர்த்தால் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

பொருத்தம் இல்லாத ஜாதகத்துக்குப் பரிகாரம் உண்டல்லவா? ஏரியலுக்கும் உண்டு. அந்தப் பரிகாரத்துக்கு 'ஸ்டப்' என்று பெயர். முக்கியக் கேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டுச் செடி மாதிரி கட்டிவிடுகிற ஒரு சிறு கேபிள் துண்டுதான் அது. அதன் மறு முனையில் உள்கம்பியையும் மேல்வலையையும் சேர்த்துப் பற்றவைத்துவிட வேண்டும்.

இது வேலை செய்கிற விதம் மிகவும் வேடிக்கையானது. முதலில் டைபோலை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாக வெட்டி, அதற்கு ஒரு குறையை உண்டாக்குகிறோம். 25 ஓம் தடையோடுகூட, மின்தேக்கியின் குணமுள்ள 25 ஓம் மறுப்பும் அதற்கு வந்து சேருகிறது. பிறகு அதற்கு நேர் விரோதமான குணமுடைய, அதாவது கம்பிச் சுருளின் குணமுடைய, 50 ஓம் மறுப்பைப் பக்கத்தில் கட்டுகிறோம். குறையும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிட, மிச்சம் நிற்பது கலப்பற்ற 50 ஓம். கணக்குத் தெரிந்தவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பின்னம்கூட மிஞ்சாது. அந்த 50 ஓம் மறுப்பைத் தருவதற்கு 50 ஓம் கேபிளில் அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கு வேண்டும். 206-ஐ எட்டால் வகுத்தால் 25.7 சென்டிமீட்டர்.

இந்த எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. முற்காலத்தில் இவற்றையெல்லாம் காகிதத்தில் கணக்கிட்டார்கள். ஸ்மித் என்பவர் 1939-ல் வெளியிட்ட வட்டப்படத்தின்மேல் காம்பஸை ஓட்டி விடை கண்டார்கள். இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்பி கட்டி, அலையை ஓட்டி, முடிவைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிசாலையில் 1970-களில் உருவான என்.ஈ.சி. என்னும் கணக்கு முறை இதற்குப் பெரும் ஆதாரம். அதன் இரண்டாம் பதிப்புக்கான விளக்க நூல் 1981-ல் வந்தது. இன்றும் உலகமெங்கும் அமெச்சூர்கள் உபயோகிக்கும் பல மென்பொருள்களுக்குள் அந்தப் பழைய கிழவனே உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். கிழவன் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் இன்றளவும் 'கார்டு' என்றுதான் பெயர். அவன் பிறந்த காலத்தில் துளையிட்ட அட்டைகளில் கட்டளை எழுதினார்கள்.

அவனுடைய முறை என்னவென்றால், கம்பியைச் சிறு துண்டுகளாகப் பாவித்துக்கொள்வது. நாம் 20 துண்டுகள் என்று சொன்னோம். அது தவறு. மின்சாரம் ஒரு துண்டின் நடுவில்தான் புக முடியும். துண்டுகள் இரட்டைப்படையாக இருந்தால் கம்பியின் நடுவில் துண்டு இராது, மூட்டுத்தான் இருக்கும். 21 என்று திருத்தினோம். இனி ஒவ்வொரு துண்டில் ஓடும் மின்னோட்டமும் மற்ற எல்லாத் துண்டுகளையும், தன்னையுங்கூட, பாதிக்கிறது. பெரிய கூட்டுக் குடும்பத்தில் மாமியாருக்குத் தலைவலி வந்தால் அது சமையலறை, திண்ணை, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு மாமியாரிடமே திரும்பி வருகிறதல்லவா? அதே நியாயம். 21 பேர் உள்ள இந்தக் குடும்பத்தில் 441 உறவுகள். அவ்வளவையும் ஒருமிக்கச் சமாதானம் செய்துவைத்து, யாருக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று ஒரு க்ஷணத்தில் சொல்லிவிடுகிறான் கிழவன்.

தகரக் கூரைக்குப் பதிலாக எல்லையில்லாத, அப்பழுக்கில்லாத உலோகத் தரை என்று கொடுத்தோம். ஸ்டப்புக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஸ்டப்பின் மறு முனையைக் கட்டுவதற்கு ஏதாவது ஒரு கம்பி வேண்டுமென்று கிழவன் பிடிவாதம் பிடிப்பான். ஆகவே வெகு தூரத்தில் ஒரு துளிக் கம்பியைப் பெயருக்கு நிறுத்தி அதன் தலையில் கட்டிவிட வேண்டும். சொத்து வாங்குகிறவர்கள் பினாமி வைப்பது போலத்தான். ஸ்டப்பின் நீளம் 25.7 சென்டிமீட்டர் என்று கொடுத்தோம். டைபோலின் நீளத்தை அரைச் சென்டிமீட்டர் அரைச் சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வந்தோம். 103-ல் ஏறக்குறைய 10 குறைந்ததும் திரையில் நிலை அலை விகிதம் 1.0 என்று வந்து நின்றது.

நிலை அலை விகிதம் என்பது பொருத்தத்தின் மார்க்கு. 1 என்றால் முழுப் பொருத்தம். எதுவும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். எண் ஏற ஏறப் பொருத்தம் குறைவு. மனிதர் கட்டிய ஏரியலுக்கு 1.0 கிடைப்பது, நமது பிள்ளைகளுக்குத் தமிழில் நூற்றுக்கு நூறு கிடைப்பது மாதிரி. இரவு பதினோரு மணிக்கு நாம் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கைதட்டினோம். இல்லத்தரசியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

*

சனிக்கிழமை காலை கொட்டகைக்குப் போனோம். அலுமினியக் குழாய்களை மரக்கட்டைகளில் பொருத்தினோம். ஆர்.ஜி. 58 என்னும் 50 ஓம் கேபிளில் மிகக் கவனமாக 25.7 சென்டிமீட்டர் அளந்து வெட்டிப் பற்றவைத்துக் கட்டினோம். கீழே ஏணியடியில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் கையடக்கமான அளவுக்கருவியுடன் நின்றான். பேச்சுக் குறைவு, எழுத்துக் குண்டு குண்டாக இருக்கும்.

"எவ்வளவு அப்பா?" என்றோம்.

"1.8 ஸார்."

நாம் ஏணியில் ஏறி மூட்டுகளை அழுத்திப் பார்த்தோம். மறுபடி கேட்டோம். மறுபடியும் 1.8. கட்டைகளை நகர்த்தினோம். 1.8. பற்றுக்களை மீண்டும் உருக்கினோம். 1.8. பிள்ளைகள் எட்டுப் பேர் வெயிலில் நின்று நமது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வகுப்பில், "கணக்குச் சொல்லிவிட்டது, 1.0 வரும்" என்று கரும்பலகையில் எழுதிப் பெரிய வட்டமும் போட்டிருந்தோம்.

அப்போது நமது வாயிலிருந்து வந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

"பற்று சரியாக ஆறவில்லை. ஆறினால் சரியாகிவிடும். நோட்டில் 1.1 என்று எழுதிக்கொள்" என்றோம்.

பையன் ஒரு நிமிஷம் நம்மைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து 1.8-ஐ அழித்தான். 1.1 என்று குண்டு குண்டாக எழுதினான்.

வாசகர்களில் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்கள் இதைக் கேட்டுப் பெரிதாக அதிர்ச்சி அடையமாட்டார்கள். ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வதும் எல்லாருக்கும் தெரியும். விடையிலிருந்து புறப்பட்டுப் பின்பக்கமாக நடந்து ரீடிங்கைச் சென்றடையும் இந்த வித்தையை நாமும் மாணவராயிருந்தபோது பழகியவர்தான். ஆனால் ஒன்று. அப்போது நாமாகச் செய்தோம். எந்த ஆசிரியரும் வாயைத் திறந்து செய்யச் சொன்னதில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பற்று ஆறுவதற்கும் விகிதத்துக்கும் சம்பந்தமில்லை என்பது நமக்குத் தெரியாதா? எழுந்து மென்பொருளின் விளக்கத்தை வரிவரியாகப் படித்தோம். ஸ்டப்பைப் பற்றிய இடத்தில் கண் நின்றது. கிழவன் கேபிளைக் கேபிளாகக் கருதுவதில்லை. வெட்டவெளியில் ஒளி போகும் அதே வேகத்தில் அலை போகிற ஒரு லட்சியப் பாதையாகவே கருதுகிறான். நாம் கொடுத்த 25.7 அந்த லட்சியப் பாதையின் நீளம். கொட்டகையில் நாம் வெட்டிய கேபிளுக்குள்ளோ பாலிஎதிலீன் நிரம்பியிருக்கிறது. அதற்குள் அலை, வெளியில் போகும் வேகத்தில் நூற்றுக்கு 66 பங்கு வேகத்தில்தான் போகும். மெதுவாகப் போகிறவனுக்குக் குறைந்த தூரமே நீண்ட தூரம். ஆகவே வெட்ட வேண்டியது 25.7 அல்ல, அதில் 66 சதவிகிதம், 17 சென்டிமீட்டர்.

இது நமக்குத் தெரியாத சாஸ்திரமன்று. பரீட்சை எழுதுகிறவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பிறகு, ஏனோ, இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். தவறான 25.7 சென்டிமீட்டர் கேபிளைக் கட்டினால் விகிதம் எவ்வளவு வரவேண்டும்? ஸ்டப்பின் மறுப்பு 50 ஓமுக்குப் பதில் சுமார் 125 ஓம் ஆகிவிடுகிறது. டைபோலின் குறையில் ஐந்தில் இரண்டு பங்குதான் தீருகிறது. மிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் விகிதம்...

1.8.

பையன் நான்கு தடவை படித்துச் சொன்ன எண்! அன்று காலை அந்தக் கொட்டகையில் இருந்த பொருள்களுக்குள் உண்மையைச் சொன்னது அந்த எண் ஒன்றுதான். அதைத்தான் ரப்பர் கொண்டு அழிக்கச் சொல்லியிருந்தோம்.

*

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும் கரும்பலகையில் பெரிய வட்டத்துக்குள் இருந்த 1.0-ஐ நாமே அழித்தோம். நடந்ததை நடந்தபடி சொன்னோம். சொல்லுவதற்கு முன்னால் தொண்டை சற்று அடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அப்படியானால் கம்ப்யூட்டர் பொய் சொல்லிற்றா ஸார்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. எல்லையற்ற உலோகத் தரையின்மேல், ஒளியின் வேகத்தில் அலை ஓடும் ஒரு ஸ்டப்பைக் கட்டினால் என்ன ஆகும் என்று நாம் கேட்டோம். 1.0 ஆகும் என்று அது உள்ளபடி சொல்லிற்று. சைக்கிள் கொட்டகையைப் பற்றி அதை நாம் கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டது நமது குற்றம். இதைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னோம். அவள் யோசித்துவிட்டு, "அப்புறம் கொட்டகையை யாரிடம் கேட்பது ஸார்?" என்றாள். ஏணியடியில் கருவியுடன் நின்ற பையனை நாம் சுட்டிக் காட்டினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுடைய நோட்டை வாங்கினோம். ரப்பர் அழித்த இடத்தில் பழைய 1.8 மங்கலாகத் தெரிந்தது. 1.1-ஐச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 'ஆசிரியர் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இருபது வருஷத்தில் முதல் தடவை.

அன்று மாலை 17 சென்டிமீட்டர் துண்டு வெட்டிக் கட்டப்பட்டது. பையன் 1.3 என்று படித்தான். கேபிளின் மேல்வலைக்கு வெளிப்புறமாகவும் கொஞ்சம் மின்னோட்டம் திருட்டுத்தனமாக இறங்கி வருவதுண்டு. கிழவனுடைய லட்சியப் பாதையில் அந்தத் திருட்டுக்கு இடமில்லை. நிஜக் கேபிளில் உண்டு. டைபோலுக்கு அருகில் கேபிளைச் சில சுற்றுச் சுருட்டிக் கட்டியதும் 1.2 ஆயிற்று. அதற்குமேல் இறங்கவில்லை. நெளிநெளியான தகரமும், எல்லையுள்ள கொட்டகையும், துருவும் சேர்ந்து அந்த 0.2-ஐத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டன. நோட்டில் 1.2 என்றே ஏறிற்று.

அடுத்த வாரத்தில் படமும் வந்தது. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் மாலை மங்கும் நேரம். கிறீச்சொலி கிளம்பியதும் எட்டுத் தலைகள் ஒரு திரையின்மேல் கவிந்தன. நடுவில் இரண்டு மூன்று வரிகள் பனி பெய்தது போல் கலைந்திருந்தாலும் படம் முழுசாக எழுந்தது. பிள்ளைகள் குதித்த குதிப்பில் தகரக் கூரை மேலிருந்த டைபோலே ஆடியிருக்கும்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் சுபமாயிருக்கும். ஆனால் ஒரு விஷயத்தை மறைப்பது நியாயமன்று. விகிதம் 1.8 ஆகவே இருந்திருந்தாலும் அந்தப் படம் வந்திருக்கும். 1.8 என்றால் சக்தியில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் நஷ்டம். காதுக்கோ கண்ணுக்கோ அது தெரியாது. நோட்டில் 1.1 இருக்கும்; திரையில் படம் இருக்கும்; தலைமையாசிரியர் நம்மைப் பாராட்டியிருப்பார். பிழை ஒரு நாளும் வெளிப்பட்டிராது. ஒரு பையனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கண்ணால் கண்ட எண்ணைவிட வாத்தியார் சொன்ன எண்ணே எழுதத் தக்கது என்ற பாடத்தை அவன் நன்றாகக் கற்றுக்கொண்டு போயிருப்பான். நாளைக்கு அவன் பாலம் கட்டலாம், மருந்து சோதிக்கலாம். அங்கேயும் ரப்பர் உண்டு.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். கையில் பரிசோதனை நோட்டு.

"என்ன அப்பா?"

"ஜூலை மாதம் செய்த ஊசல் பரிசோதனை ஸார். அதையும் திருத்திவிடட்டுமா?"

"அதில் என்ன? 9.8 என்று எழுதி, நாம் சரி போட்டிருக்கிறோமே?"

"ஆமாம் ஸார். வந்தது 9.4."

நாம் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருத்திவிடு, ஏன் 9.4 வந்தது என்று நாளைக்குக் கண்டுபிடிப்போம்" என்றோம்.

செய்தி எப்படிப் பரவிற்றோ தெரியாது. சாயங்காலத்துக்குள் நமது மேஜைமேல் முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்கள் வந்து குவிந்துவிட்டன. சிவப்பு மை தீர்ந்து போயிற்று.